பிளாஸ்டிக் திரைக்குள் ஒரு காபிக் கடை

2014 அக்டோபரில் இஸ்தான்புல்லின் எசென்லர் பகுதிக்கு வந்திருந்தார் துருக்கி அதிபர் எர்தோவான். தெருவோரக் கடை ஒன்றின் மாடி முகப்பில் ஒருவர் உட்கார்ந்து சிகரெட் பிடித்துக்கொண்டிருப்பது அவர் கண்ணில் பட்டது. கீழே நின்றபடியே கண்டித்தார். மேலே இருந்தவர் அசைந்துகொடுக்கவில்லை. நாட்டின் அதிபர் சொல்லியும் இன்னும் புகைத்துக்கொண்டிருக்கிறாரே என்று எர்தோவான் கொதித்தது கேமராக்களில் பதிவாகி, ஊரெல்லாம் பேச்சானது.

பார்க்கச் சுவையான காட்சிதான். ஆனால், காபிக் கடைகளில் புகைக்கத் தடை விதித்த சட்டம் நடைமுறைக்கு வந்து ஐந்து ஆண்டுகள் கழித்து, அதை நினைவூட்ட அதிபரே தெருவில் நின்று அண்ணாந்து சத்தம் போட வேண்டியிருந்தது என்றால், அந்தச் சட்டத்தின் உடல்நலம் சரியில்லை என்றுதான் பொருள். நகராட்சியின் ஆய்வாளர் செய்ய வேண்டிய வேலை அது. துருக்கிக் காபிக் கடைகளின் காற்றைப் பற்றிய கதையில் ஆய்வாளரைத்தான் தேட வேண்டியிருக்கிறது.

கடையை முதலில் பார்த்துவிடலாம். துருக்கியில் அதன் பெயர் ‘கஹ்வெஹானே’. பெயரில்தான் காபி, பெரும்பாலும் குடிப்பது இடை சிறுத்த சின்னக் கண்ணாடிக் குவளையில் கறுப்புத் தேநீர். நம்மூர் டீக்கடையை மனதில் வைத்துக்கொண்டால் இந்த விஷயம் புரியாது. நம்மவர் தெருவில் நின்றபடி ஐந்து நிமிடத்தில் குடித்துவிட்டுப் போய்விடுவார். புகையும் அவரோடு தெருவிலேயே கரைந்துவிடும். கஹ்வெஹானே நான்கு சுவர்களுக்குள் அடைந்த ஓர் அறை. அங்கே வருகிறவர்கள், பெரும்பாலும் ஓய்வூதியக்காரர்களும் வேலை இல்லாதவர்களும், பகடை உருட்டி ஆடும் ‘தவ்லா’ பலகையையோ சீட்டுக்கட்டையோ விரித்து மணிக்கணக்கில் உட்காருவார்கள். வழக்கமாக ஆண்கள் மட்டும்தான். எர்சுரும் போன்ற கிழக்கு நகரங்களில் குளிர்காலத்தில் வெப்பம் பூஜ்யத்துக்கு 20 டிகிரி கீழேகூட இறங்கும். கதவு, ஜன்னல் எல்லாம் அடைபடும். வெதுவெதுப்புக்காக வருகிறவரிடம் ஜன்னலைத் திறக்கச் சொன்னால் அவர் அடுத்த கடைக்குப் போய்விடுவார்.

இந்த அறைக்குள் என்ன நடக்கிறது என்பதைச் சின்னக் கணக்கொன்று காட்டிவிடும். பத்து மீட்டர் நீளம், எட்டு மீட்டர் அகலம், மூன்று மீட்டர் உயரம் உள்ள கடை என்று வைத்துக்கொள்வோம். 240 கன மீட்டர் காற்று. ஒரு சிகரெட் எரிந்து முடியும்போது சுமார் 10 மில்லிகிராம் நுண்துகள் வெளியாகிறது. நுரையீரலின் அடியாழம் வரை போகக்கூடிய, பிஎம் 2.5 எனப்படும் துகள் அது. அந்த ஒரே சிகரெட்டின் புகை அறை முழுக்கப் பரவினால் ஒவ்வொரு கன மீட்டரிலும் 40 மைக்ரோகிராமுக்கு மேல் துகள் கூடும். ஒரு நாளின் சராசரி 15 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்பது 2021இல் உலக சுகாதார நிறுவனம் வகுத்த வரம்பு.

கடையில் ஒருவர் மட்டும் புகைப்பதில்லை. பத்துப் பேர் இருபது நிமிடத்துக்கு ஒன்று என்று பற்றவைத்தால் மணிக்கு 30 சிகரெட். குளிர்காலத்தில் அடைத்த அறையின் காற்று மணிக்கு ஒரு முறை மாறினாலே அதிகம். அந்த நிலையில் துகளின் அளவு ஆயிரத்தைத் தாண்டி 1,250 மைக்ரோகிராம் வரை ஏறி நிற்கும். கொஞ்சம் சுவரிலும் திரையிலும் மேசை விரிப்பிலும் படியும், அதனால் சற்றுக் குறையலாம்; அவ்வளவுதான். டெல்லியின் நவம்பர் காற்றைப் பற்றிப் பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதுகின்றன. அதைவிட மோசமான காற்றை ஒரு சின்ன அறைக்குள் பத்துப் பேர் தங்கள் கையாலேயே உண்டாக்கிவிட முடியும்.

நல்ல காற்றாடிகள் போட்டால் தீருமே என்று கடைக்காரர்கள் கேட்டதுண்டு. உலகெங்கும் புகையிலை நிறுவனங்கள் விரும்பிச் சொன்ன வாதமும் அதுதான். அதே கணக்கைத் திருப்பிப் போடலாம். மணிக்கு ஒரு முறைக்குப் பதில் பத்து முறை காற்றை மாற்றும் இயந்திரங்களை நிறுவினாலும் துகள் 125 மைக்ரோகிராமில் நிற்கும். வரம்பைப்போல எட்டு மடங்கு. அப்படி வெளிக்காற்றை இழுத்துக்கொண்டே இருந்தால், எர்சுருமின் ஜனவரியில் அந்த அறையைச் சூடாக வைத்திருக்க எத்தனை மூட்டை நிலக்கரி வேண்டும்? ஏர்கண்டிஷனர் வெதுவெதுப்பைக் கொடுக்கும். ஆனால் பெரும்பாலும் உள்ளே இருக்கும் காற்றையே சுற்றிச் சுற்றி அனுப்பும். அதில் புகையும் சுற்றிவரும்.

நிலக்கரி என்றதும் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். புகைத்தடையைப் பற்றிப் பேசுகிறவர்கள் அடுப்பை மறந்துவிடுகிறார்கள். இயற்கை எரிவாயுக் குழாய் எட்டாத சிற்றூர்களில் கடையின் நடுவே இரும்பு அடுப்பு ஒன்று நிற்கும். அதன் தகரக் குழாய் சுவரைத் துளைத்து வெளியே போகும். மேற்குத் துருக்கியில் ‘லோதோஸ்’ என்ற தென்மேற்குக் காற்று பலமாக வீசும் நாட்களில், புகைபோக்கியில் மேலேற வேண்டிய புகை அறைக்குள்ளேயே திரும்பிவிடுகிறது. கார்பன் மோனாக்சைடு நச்சேறி மக்கள் இறப்பது அங்கே ஆண்டுதோறும் வரும் செய்தி. லோதோஸ் வீசும் இரவுகளில் அடுப்பை அணைத்துவிட்டுத் தூங்குங்கள் என்று அதிகாரிகள் எச்சரிக்கிறார்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. சிகரெட் புகையிலும் அது உண்டு. அடுப்பும் சிகரெட்டும் சேர்ந்த அறையில் மாலை முழுக்க உட்கார்ந்தவருக்குத் தலைவலி வந்தால், எதனால் வந்தது என்று அவருக்கே தெரியாது.

இந்த அறைக்கும் அரசுக்கும் இடையிலான சண்டைக்கு வயது நானூறு. 1554 வாக்கில் அலெப்போவிலிருந்து வந்த ஹகெமும் டமாஸ்கஸிலிருந்து வந்த ஷெம்ஸும் இஸ்தான்புல்லின் தஹ்தகாலே பகுதியில் முதல் காபிக் கடைகளைத் திறந்தார்கள் என்று எழுதிவைத்திருக்கிறார் வரலாற்றாசிரியர் பெச்செவி இப்ராஹிம். சுமார் அரை நூற்றாண்டு கழித்து, 1600ஐ ஒட்டி, ஆங்கிலேய வணிகர்கள் புகையிலையைக் கொண்டுவந்தார்கள். உடம்பின் ஈரத்தால் வரும் நோய்களுக்கு மருந்து என்று சொல்லித்தான் விற்றார்களாம். காபியும் புகையும் ஒரே கூரைக்குள் சேர்ந்தன. பிறகு பிரியவே இல்லை. கடைக்குள் ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாத அளவுக்குப் புகை மண்டியதாகப் பெச்செவி அன்றே குறைப்பட்டிருக்கிறார். துருக்கியின் உள்ளறைக் காற்றைப் பற்றிய முதல் ஆய்வறிக்கை என்றே அதைச் சொல்லலாம்.

1633இல் இஸ்தான்புல்லின் கணிசமான பகுதியை நெருப்பு தின்றது. அதைக் காரணமாக்கி சுல்தான் நான்காம் முராத் காபிக் கடைகளை மூடினார், புகையிலையைத் தடைசெய்தார். புகைத்துப் பிடிபட்டவர்களுக்கு மரண தண்டனை. தீப்பிடிக்கும் என்பது சொன்ன காரணம். கடைகளில் கூடியவர்கள் அரசைப் பற்றிப் பேசினார்கள் என்பது சொல்லாத காரணம் என்று வரலாற்றாசிரியர்கள் பலரும் கருதுகிறார்கள். தலை போகும் என்று தெரிந்தும் மக்கள் புகைத்தார்கள். முராத் இறந்த சில ஆண்டுகளில் பேரரசின் தலைமை மார்க்க அறிஞராக வந்த பஹாயி எஃபெந்தி, புகையிலை கூடும் என்று தீர்ப்பளித்தார். அவரே பெரும் புகைப்பிரியர். 1656இல் எழுதிய நூலில் அறிஞர் காத்திப் செலெபி, இவ்வளவு ஊறிப்போன பழக்கத்தை ஆணையால் அறுக்க முடியாது, வரி போட்டு ஒழுங்குபடுத்துவதே அரசுக்கு நல்லது என்று வாதிட்டார். இன்றைய துருக்கியில் சிகரெட் விலையில் 80 சதவீதத்துக்கு மேல் வரிதான். செலெபியின் யோசனையை இவ்வளவு மனமாரக் கேட்டுக்கொண்ட அரசுகள் உலகில் குறைவு.

முராதின் தடைக்கும் இப்போதைய சட்டத்துக்கும் இருக்கும் வேறுபாட்டைத்தான் துருக்கியில் பலர் பார்க்க மறுக்கிறார்கள். சுல்தான் புகைப்பவனைத் தேடினார். இப்போதைய சட்டத்துக்கு வேண்டியது பக்கத்து நாற்காலிக்காரரின் மூச்சைக் காப்பது. 1996இல் தெமிரேல் அதிபராக இருந்தபோது வந்த புகையிலைச் சட்டத்துக்கு 2008 ஜனவரியில் பல் முளைத்தது. அந்த ஆண்டு மே 19 முதல் அலுவலகங்கள் உள்ளிட்ட மூடிய பொது இடங்களிலும், 2009 ஜூலை 19 முதல் உணவகம், மது விடுதி, கஹ்வெஹானே ஆகியவற்றிலும் புகைக்கத் தடை. அயர்லாந்து, பிரிட்டன் ஆகியவற்றுக்குப் பின் முழுத் தடை கொண்டுவந்த மூன்றாவது ஐரோப்பிய நாடு என்று உலக சுகாதார நிறுவனம் பாராட்டியது. துருக்கியனைப் போலப் புகைப்பவன் என்று இத்தாலியர்களும் பிரெஞ்சுக்காரர்களும் சொலவடை வைத்திருக்கும் நாடு அது.

கடைக்காரர்கள் வெகுண்டார்கள். ஒன்றிரண்டு குவளைத் தேநீர் குடித்துவிட்டு நாள் முழுக்க உட்காரும் வாடிக்கையாளரை நம்பிய தொழில். அவர் போய்விட்டால் கடையை மூட வேண்டியதுதான் என்றார்கள். அந்தப் பயத்தை நையாண்டி செய்வதற்கில்லை. அன்று புகைத்தவருக்கு 69 லிரா அபராதம். கடைக்காரருக்கோ 560 லிராவில் தொடங்கி 5,600 வரை. காவலர் வேலையைச் செய்ய வேண்டியவரும் அவர்தான், தவறினால் பெரிய தண்டனையும் அவருக்குத்தான். தடை வந்த சில வாரங்களில், மேற்கே மனிசா மாகாணத்தின் சாருஹான்லியில், புகைக்க வேண்டாம் என்று சொன்ன கடைக்காரரை ஒரு வாடிக்கையாளர் சுட்டுக் கொன்றார். தடையை எதிர்த்த வழக்கும் உச்சம் வரை போனது. அரசியல் சாசன நீதிமன்றம் சட்டத்தை நிலைநிறுத்தியது.

பிறகு நடந்ததுதான் வியப்பு. சட்டம் பலித்தது. 2008இல் எடுத்த தேசியக் கணக்கெடுப்பில், உணவகங்களுக்குப் போனவர்களில் 55.9 சதவீதத்தினர் அங்கே பிறர் புகையைச் சுவாசித்ததாகச் சொன்னார்கள். 2012இல் அது 12.9 சதவீதம். நான்கே ஆண்டுகள். புகைப்போர் விகிதமும் 31.2இலிருந்து 27.1 சதவீதமாக இறங்கியது. உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் புகையிலைக் கட்டுப்பாட்டு நடவடிக்கைகள் அத்தனையையும் உயர்ந்த நிலையில் எட்டிய முதல் நாடு என்ற பெயரும் 2013இல் துருக்கிக்குக் கிடைத்தது. அதே ஆண்டு துருக்கிக் காபிப் பண்பாட்டை யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. புகை இல்லாமலும் அந்தப் பண்பாடு உயிரோடு இருந்தது என்பது கவனிக்கத்தக்கது.

சறுக்கல் அதற்குப் பிறகு. 2016 கணக்கெடுப்பில் புகைப்போர் 31.6 சதவீதம், எட்டாண்டு உழைப்பு கரைந்துபோயிற்று. பெண்களிடையே 13.1 சதவீதத்திலிருந்து 19.2க்குத் தாவியது, சட்டம் வருவதற்கு முன்பிருந்த 15.2ஐயும் தாண்டி. காபிக் கடைகளிலும் மது விடுதிகளிலும் சட்டம் மற்ற இடங்களைவிடக் குறைவாக மதிக்கப்படுகிறது என்பதை நேரில் போய்ப் பார்த்த ஆராய்ச்சியாளர்கள் பதிவுசெய்தார்கள்.

கடைக்காரர்கள் கண்டுபிடித்த வழி எளிது. கடைக்கு வெளியே நடைபாதையில் ஒரு கூடாரம். மேலே மடக்கும் கூரை, பக்கங்களில் சுருட்டி ஏற்றக்கூடிய கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் திரை, உள்ளே மின்சாரக் கணப்பு. குளிர் வந்ததும் திரை இறங்கும். சட்டம் இதை முன்கூட்டியே யோசித்துத்தான் இருக்கிறது. நிலையானதோ நகரக்கூடியதோ, கூரை ஒன்று இருந்து, பக்கங்களில் பாதிக்கு மேல் மூடியிருந்தால் அது உள்ளறைதான் என்பது விதி. ஆகவே திரை இறங்கிய கூடாரத்தில் எரியும் ஒவ்வொரு சிகரெட்டும் குற்றம். ஆனால் அந்தக் குற்றம் இரவு ஒன்பது மணிக்கு, பனி பெய்யும்போது நடக்கிறது. ஆய்வுக்கு வருகிறவர் பகல் வெளிச்சத்தில் வந்தால், திரை சுருண்டு மேலே கிடக்கும்.

இந்தக் கூடாரம் பழைய அறையைவிட ஆபத்தானது. கூரை தாழ்வு, கொள்ளளவு குறைவு. மேலே போட்ட கணக்கில் 240க்குப் பதில் 60 கன மீட்டரைப் போட்டுப் பார்த்தால் தெரியும். ‘வெளியேதானே உட்கார்ந்திருக்கிறோம்’ என்ற நிம்மதியில், பழைய அறைக்குள் ஒருநாளும் வந்திராத குழந்தைகளும் பெண்களும் குடும்பத்தோடு அங்கே உட்காருகிறார்கள்.

வாடிக்கையாளரையாவது விட்டுவிடலாம். அவருக்கு எழுந்து போகும் வசதி இருக்கிறது. போக முடியாதவர் ஒருவர் அந்த அறையில் உண்டு. ‘ஓஜாக்ச்சி’ என்று அழைக்கப்படும், அடுப்படியில் நின்று தேநீர் தயாரிப்பவர். அவரோடு தட்டைத் தூக்கிக்கொண்டு மேசைக்கு மேசை ஓடும் பையன். புகைப்பவர்கள் இரண்டு மணி நேரத்தில் வீட்டுக்குப் போவார்கள். இவர்களுக்குக் கடை மூடும் வரை அதே காற்று. புகைத்தடையை ஓய்வூதியக்காரரின் உரிமை, ஊர்ப் பண்பாடு என்றெல்லாம் விவாதிக்கிறவர்கள் இந்த இருவரையும் பற்றி வாயே திறப்பதில்லை. சுரங்கத்திலும் சாயப்பட்டறையிலும் காற்றை அளக்க வேண்டும் என்றால் யாரும் அதைக் கலாசாரத் தாக்குதல் என்பதில்லை. கஹ்வெஹானேயும் சம்பளத்துக்கு ஆள் வேலை பார்க்கும் இடம்தான்.

இதில் பலன் உடனே தெரியும் என்பதற்கு அயர்லாந்து சாட்சி. 2004 மார்ச்சில் அங்கே தடை வந்தது. மது விடுதிகளில் வேலை பார்த்த, புகைப்பழக்கம் இல்லாத ஊழியர்களின் உமிழ்நீரில் நிகோடினின் எச்சமான கோட்டினின் ஓராண்டுக்குள் 80 சதவீதம் குறைந்தது. ஸ்காட்லாந்தில் 2006 தடைக்குப் பின் மாரடைப்பு போன்ற திடீர் இதயக் கோளாறுகளுக்காக மருத்துவமனைக்கு வந்தவர்கள் 17 சதவீதம் குறைந்தார்கள். அங்கேயும் மது விடுதிகள் அழிந்துவிடும் என்றுதான் சொன்னார்கள்.

எதிர்வாதங்களில் ஒன்றை மட்டும் எளிதில் தள்ள முடியாது. மதுக் கட்டுப்பாடுகளைக் கடுமையாக்கிய அதே அரசுதான் புகையிலைக்கும் எதிராகப் பேசுகிறது. இது நலவாழ்வுச் சட்டமா, ஆள்பவரின் ஒழுக்கப் பாடமா என்று மதச்சார்பற்ற நகர்ப்புறத்தார் சந்தேகிக்கிறார்கள். சந்தித்தவர்களிடம் சிகரெட் பெட்டியைப் பறித்து, அதில் பெயர் எழுதி வாங்கிக்கொண்டு, இனிப் புகைக்க மாட்டேன் என்று சத்தியம் வாங்குவது எர்தோவானின் வழக்கம். நல்லெண்ணம் இருக்கலாம். ஆனால் சட்டத்தை ஒரு மனிதரின் வெறுப்போடு முடிச்சுப் போட்டுவிட்டால், அவரைப் பிடிக்காதவருக்குச் சிகரெட் ஓர் எதிர்ப்புக் கொடியாகிவிடும். எசென்லரின் மாடியில் இருந்தவர் அசையாததற்கு நிகோடின் மட்டும்தான் காரணமா என்று கேட்கத் தோன்றுகிறது.

ஆகவே அதிபர் ஒதுங்கிக்கொண்டு ஆய்வாளரை அனுப்புவது நல்லது. அதுவும் இரவில், டிசம்பரிலிருந்து மார்ச் வரை. அவர் கையில் அபராதப் புத்தகத்தோடு நுண்துகள் மானியும் வேண்டும். இன்று கைக்கு அடக்கமான மானிகள் கிடைக்கின்றன. சாம்பல் கிண்ணத்தை மேசைக்கு அடியில் ஒளித்துவிடலாம். 600, 800 என்று காட்டும் எண்ணை ஒளிக்க முடியாது. அடுப்பு வைத்திருக்கும் கடைக்குக் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி இல்லாமல் உரிமத்தைப் புதுப்பிக்கக் கூடாது. நடைபாதைக் கூடாரத்துக்கு அனுமதி கொடுப்பது நகராட்சிதான். பக்கத் திரை உள்ள எதையும் அறை என்று கணக்கிட்டு அதற்கேற்பக் கட்டணமும் நிபந்தனையும் போட்டால் பாதித் திரைகள் தாமாகவே கழன்றுவிடும்.

கடைக்காரர்கள் சங்கமே முன்வந்து கேட்க வேண்டியவை இவை. 2009இலிருந்து 2012 வரை, தெருவில் எல்லாக் கடைகளிலும் ஒரே விதி இருந்தபோது, புகைப்பவருக்குப் போக வேறிடம் இல்லை; அவர் வாசலில் நின்று புகைத்துவிட்டு உள்ளே வந்து ஆட்டத்தைத் தொடர்ந்தார். ஆய்வு தளர்ந்ததும், சட்டத்தை மதித்த கடை காலியாக, எதிர்க்கடைக்காரர் திரையை இறக்கிக் கூட்டத்தைச் சேர்த்துக்கொண்டார். வருமானம் போனது தடையால் என்று சொல்கிறவர்கள், தங்கள் கல்லாவிலிருந்து எதிர்க்கடைக்குப் போன பணத்தையும் தடையின் கணக்கிலேயே எழுதுகிறார்கள்.